மனத்தைக் கணினி என்று சொல்லும் தியானச் செயலி: ஒரு நிரலாளரின் மதிப்புரை

மூச்சுப் பயிற்சிக்காக இந்தச் செயலியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதில் வரும் விளக்க உரைகளையும் மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். இந்தச் செயலி மூச்சுப் பயிற்சியோடு சேர்த்து, மனிதமனம் என்றால் என்ன என்ற ஒரு கருத்தையும் நம் காதில் நாள்தோறும் ஓதுகிறது. அந்தக் கருத்து தவறானது. மனம் நொந்த நேரத்தில் அதைக் கேட்பவருக்குக் கேடும் செய்யக்கூடியது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சைப் பேசும் செயலிகள் பல இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண்பதும் எளிது. முகப்பிலேயே மூளையை மறுநிரல் செய்வதாக ஒரு வாக்குறுதி இருக்கும். அதற்குக் கீழே, நம்பிக்கை எதுவும் தேவையில்லை, அறிவியலே போதும் என்ற பொருளில் இன்னொரு வரி இருக்கும். நான் பயன்படுத்தியதில் இரண்டும் இருந்தன.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுவது நியாயம். நான் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதுகிறவள். அன்றாடக் கணக்கை நடுஇரவில் முடித்துவைக்கும் நிரல்கள் என் பொறுப்பு. அவை நின்றுபோனால் என் கைபேசிதான் அடிக்கும். தூக்கம் கெட்டதற்கும் இந்தச் செயலியை நாடியதற்கும் அதுவே காரணம். நான் கடவுள் நம்பிக்கை உடையவளும்கூட. காலையிலும் இரவிலும் பிரார்த்தனை செய்வேன். ஆகவே கணினி என்றால் என்ன என்பதும் நம்பிக்கை என்றால் என்ன என்பதும் எனக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. இரண்டோடும் அன்றாடம் வாழ்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சிகள் கவனத்தோடு செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு வட்டம் மெல்ல விரிந்து சுருங்குகிறது. அதன் போக்கில் மூச்சை இழுத்து விட வேண்டும். உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது என்பது உடலியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. நேரத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம். இணையம் இல்லாத இடத்திலும் ஓடுகிறது. திரையை முழுவதும் இருட்டாக்கிவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி இரவில் விழித்துக் கிடப்பவர்களுக்குப் பெரிய உதவி. இந்தப் பகுதியை உருவாக்கியவர்களுக்கு என் நன்றி.

அடுத்து வருகிறது பாடத்தொகுப்பு. மனம் ஒரு கணினி, எண்ணங்கள் அதில் ஓடும் நிரல்கள், நினைவுகள் சேமித்த கோப்புகள், கவலைகள் பின்னணியில் திறந்து கிடக்கும் செயலிகள், பழக்கங்கள் பழைய பதிப்புகள் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு பாடமும் இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதை மூடு, அழி, புதுப்பி என்று மென்மையான குரலில் கட்டளையிடுகிறது. எல்லாப் பாடங்களையும் விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றே போதும்.

அந்தப் பாடம் மனத்தைப் புண்படுத்திய ஒரு நினைவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதை ஒரு கோப்பாகக் கற்பனை செய்ய வேண்டும். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பிறகு விரலால் இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். தொட்டி காலியாகும் ஓசை கேட்கிறது. "இனி அது உங்களிடம் இல்லை" என்கிறது குரல்.

நான் எடுத்துக்கொண்டது என் அண்ணன் சொன்ன ஒரு சொல். அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி நாள்களில், நின்றுபோன ஒரு நிரலை ஓடவைத்துவிட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வராந்தாவில் நின்றிருந்த அண்ணன், "உனக்கு அப்பாவைவிட அந்த இயந்திரம்தான் பெரிது" என்றார். அந்தச் சொல் பல ஆண்டுகளாக எனக்குள் கிடந்தது. பாடம் சொன்னபடி அதற்குப் பெயர் வைத்தேன், இழுத்தேன், தொட்டியில் போட்டேன். அன்று இரவு முழுவதும் அந்த வராந்தாவும் அந்தக் குரலும் முன்னைவிடத் துல்லியமாக வந்து நின்றன.

இது எனக்கு மட்டும் நேரும் கோளாறு அல்ல. உளவியலாளர் டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் 1987-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஒரு குழுவினரிடம் சொன்னார்கள். நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தடையை நீக்கியதும், தொடக்கத்திலிருந்தே கரடியை நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதை அதிகமாக நினைத்தார்கள். ஒன்றை விலக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது; அந்தப் பார்வையே அதை அழைத்து வந்துவிடுகிறது. உளவியல் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளிலேயே படிக்கும் செய்தி இது. அறிவியலே போதும் என்று முகப்பில் எழுதியவர்கள் இதைப் பார்க்காமல் ஒரு பாடம் அமைத்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் தொழில் தெரிந்த யாரும் இன்னொன்றையும் கவனிப்பார்கள். கணினியிலேயே அழிப்பு அப்படி நடப்பதில்லை. பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பை நீக்கினால் அட்டவணையில் அதன் பதிவு மட்டும் எடுக்கப்படும். அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழைய தரவு அங்கேயே கிடக்கலாம். அழிந்த கோப்புகளை மீட்கும் தொழில் நடப்பதே அதனால்தான். பாடத்தை எழுதியவருக்கு மனமும் தெரியவில்லை, கணினியும் தெரியவில்லை.

நினைவு கோப்பு அல்ல என்பதற்கு இன்னும் வலுவான சான்றுகள் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். சிலரிடம் வண்டிகள் மோதியபோது என்றும் சிலரிடம் மோதி நொறுங்கியபோது என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அவர்களில் கூடுதலானவர்கள் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேட்கும் விதத்தால் உள்ளடக்கம் மாறும் கோப்பை நான் கண்டதில்லை. 2000-இல் கரீம் நாடர் குழுவினர் எலிகளிடம் நடத்திய ஆய்வு இதை நரம்பு மட்டத்திலேயே காட்டியது. ஒரு பயநினைவு மீண்டும் எழுப்பப்படும்போது அது இளகிய நிலைக்கு வருகிறது; மறுபடி உறுதிப்பட மூளையில் புதிதாகப் புரதம் உருவாக வேண்டியிருக்கிறது. எடுத்துப் பார்ப்பதே மாற்றி எழுதும் வாய்ப்பாகிவிடுகிறது.

அண்ணன் சொன்ன சொல் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், மதிப்புரைக்கு அது தேவை. இரவுப் பிரார்த்தனையில் வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வது என் வழக்கம். அண்ணன் பெயர் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது. அங்கே எதையும் இழுத்துத் தொட்டியில் போட முடியாது. அடைப்போடேயே அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். அது தாங்காமல்தான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணா, அன்றைக்கு வராந்தாவில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "டாக்டர் அப்போதுதான் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்" என்றார்.

நினைவு அப்படியேதான் இருக்கிறது. வராந்தா இருக்கிறது, குரல் இருக்கிறது, சொல் மாறவில்லை. ஆனால் இன்று அது அஞ்சிப்போன ஒரு மகனின் குரலாகக் கேட்கிறது. ஒரு எழுத்தும் மாறாமல் பொருள் முழுவதும் மாறிய இந்த மாற்றத்துக்கு அந்தப் பாடத்தொகுப்பில் பொத்தான் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் மாற்றத்துக்குத் தேவையான பாதி இன்னொருவரிடம் இருந்தது.

பழக்கங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பாடமும் இதே பிழையில்தான் நிற்கிறது. வன்பொருள் ஒன்று, அதன்மேல் ஓடும் மென்பொருள் வேறு என்பது நம் இயந்திரங்களின் அமைப்பு. மூளையில் அந்தப் பிரிவு இல்லை. லண்டன் நகர வாடகைக்கார் ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாக அறிந்தால்தான் உரிமம் பெற முடியும். எலினர் மகுவையர் குழுவினர் 2000-இல் அவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களோ என்ற கேள்விக்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்த 2011 ஆய்வு விடை சொன்னது: படித்துத் தேறியவர்களிடம் அந்த மாற்றம் ஆண்டுகளின் போக்கில் உருவானது. கற்றலே உறுப்பைச் செதுக்குகிறது. இரவில் பதிவிறக்கிக் காலையில் விழித்தெழும் புதிய பதிப்பு என்று ஒன்று மனிதருக்குக் கிடையாது. அதை வாக்களிப்பவர், பலன் வராதபோது கேட்பவரை அவர்மேலேயே குறைபட்டுக்கொள்ள வைக்கிறார்.

இவ்வளவு சொன்னதால், மனத்தைக் கணக்கீடாகப் பார்ப்பதே வீண் என்று நான் கருதுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பார்வைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. அதன்மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது. 1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களின் வலையைத் தருக்கச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள். 1997-இல் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவரோடு எழுதியவர்களும், குரங்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் எதிர்பார்த்த பலனுக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கின்றன என்று காட்டினார்கள். இயந்திரக் கற்றலில் முன்பே உருவாகியிருந்த ஒரு கணக்குமுறையோடு அது பொருந்தியது. இது அரிய வெற்றி. மூளை எதையோ கணக்கிடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூளையில் கணக்கீடு நடக்கிறது என்பது வேறு, மூளை என் மடிக்கணினியைப் போன்றது என்பது வேறு. செயலி முதலாவதற்கான சான்றுகளைக் காட்டி இரண்டாவதை விற்கிறது.

இன்றைய கணினிகளின் அமைப்புக்குத் தன் பெயரையே கொடுத்த ஜான் வான் நியூமன், இறக்கும் தறுவாயிலும் மூளையையும் கணினியையும் ஒப்பிடும் உரைகளை எழுதிக்கொண்டிருந்தார். முடிக்காமலே 1957-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவை வெளிவந்தன. நரம்பு மண்டலம் பயன்படுத்தும் மொழி நாம் அறிந்த கணிதத்தின் மொழியாக இராது என்ற இடத்தில் வந்து அவர் நின்றிருக்கிறார். அவருக்கு இருந்த எச்சரிக்கையில் ஒரு துளிகூட இந்தப் பாடங்களில் இல்லை.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங், பின்னாளில் கணினிகளுக்கு அடிப்படையான தன் கற்பனை இயந்திரத்தை வகுத்தபோது அவர் மாதிரியாகக் கொண்டது, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஒரு மனிதரை. அந்த மனிதர் தாளில் ஒரு குறியைப் பார்க்கிறார், விதிப்படி மாற்றி எழுதுகிறார், அடுத்த குறிக்குப் போகிறார். மனம் செய்யும் எத்தனையோ காரியங்களில் இந்த ஒன்றைப் பிரித்தெடுத்து இயந்திரமாக்கினார்கள். அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து முழு மனமும் இதுதான் என்றால், நிழலை அளந்து ஆளுக்குச் சட்டை தைப்பது போலாகும்.

அளவுகளையும் பாருங்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அது செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 20 வாட். அதை விட்டுவிடலாம், ஒரு சிறு புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் அந்தப் புழுவுக்கு 302 நரம்பணுக்கள்தான். அவற்றின் இணைப்புகள் ஏறத்தாழ முழுவதும் 1986-இலேயே வரையப்பட்டுவிட்டன. அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுமையாகச் சொல்ல இன்றும் முடியவில்லை. இவர்களோ என் மூளையை மறுநிரல் செய்துவிடுவதாகச் சொல்கிறார்கள்.

இனி மதிப்பெண். என்னை மிகவும் வருத்திய பகுதி இதுதான். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மனத்தெளிவு என்ற பெயரில் நூற்றுக்கு ஓர் எண் வருகிறது, கீழே ஒரு கோட்டுப்படமும் வருகிறது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எங்கும் எழுதவில்லை. உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டேன். அறிவியல் அடிப்படையிலானது, ஆனால் தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. நிரலாளர்கள் ஓர் எண்ணைக் கண்டால் அது எதற்கு அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று பார்ப்பது வழக்கம். கைபேசியை மேசைமேல் வைத்து, பயிற்சியை ஓடவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது 71 ஆக இருந்தது 74 ஆகியிருந்தது. வேறொரு நாளும் அவ்வாறே செய்தேன், மீண்டும் ஏறியது. ஆளில்லாத அறையில் மனத்தெளிவு கூடுகிறதென்றால் அந்த எண் மனத்தை அளக்கவில்லை, செயலியைத் திறந்து வைத்த நேரத்தை அளக்கிறது.

இங்கேதான் நம்பிக்கை, அறிவு என்ற பெரிய கேள்வி வருகிறது. நம்பிக்கை தேவையில்லை என்று முகப்பில் எழுதிய செயலி, உள்ளே வந்ததும் எதையும் காட்டாமல், எதையும் விளக்காமல், ஓர் எண்ணை நம்பச் சொல்கிறது. கேள்வி கேட்டால் இரகசியம் என்கிறது. இது குருட்டு நம்பிக்கையைக் கோருவதே; அறிவியல் என்ற பெயர்ப்பலகை அதை மாற்றிவிடாது.

சைவ சித்தாந்தம் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறது. கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது. மூன்றாவதை வெறும் நம்பிக்கை என்று வெளியே தள்ளவில்லை. முதலிரண்டோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர்மையான காரணம் உண்டு: நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லிக் கேட்டவைதான். மேலே நான் எழுதிய ஆய்வுகளில் ஒன்றைக்கூட நான் நேரில் நடத்திப் பார்க்கவில்லை. ஆகவே நம்புவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. சொல்பவர் யார், அவருக்கு அது தெரியுமா, சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம், கேட்டால் காட்டுவாரா என்பவைதான் கேள்விகள். ஆய்வாளர்கள் தங்கள் முறையை வெளியிட்டிருக்கிறார்கள். பிறர் திரும்பச் செய்து பார்க்கலாம், தவறென்றும் நிறுவலாம். அதனால் அவர்களை நம்புவது அறிவின் பாற்பட்டது. இந்த மதிப்பெண் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் நின்று பதில் சொல்லவில்லை.

கணினித் துறையில் நம்பிக்கைக்கே இடமில்லை என்று நினைப்பவர்கள் கென் தாம்ப்சனின் உரையை அறிந்திருக்க வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அவர், 1984-இல் வெளியான அந்த உரையில், மனிதர் எழுதும் மூலநிரலில் ஒரு தடயமும் இல்லாமல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியால் நிரலுக்குள் கள்ளவாசல் வைக்க முடியும் என்று காட்டினார். முழுவதையும் நீங்களே எழுதாதவரை, எழுதியவர்களை நம்பியே ஆக வேண்டும் என்பது அதன் விளைவு. நான் எழுதும் ஒவ்வொரு வரியும் முகம் தெரியாத எத்தனையோ பேரின் நேர்மைமேல் ஓடுகிறது. அறிவு என்பது நம்பிக்கையைத் துடைத்தெறிந்துவிட்டு நிற்கும் ஒன்றாக என் வேலையில் ஒருநாளும் இருந்ததில்லை. எதை, எவரை, எதுவரை என்று தேர்ந்து நம்புவதுதான் அங்கே அறிவின் வேலை.

என்னைப் போன்ற நம்பிக்கையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மனம் கணினியல்ல என்று கேட்டவுடன் கடவுள் நிரூபிக்கப்பட்டுவிட்டதாக மகிழ்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். போதிய வலுவுள்ள, முரணற்ற ஒரு கணித முறைமைக்குள் நிறுவ முடியாத உண்மைகள் இருக்கும் என்று 1931-இல் குர்ட் கோடல் காட்டிய தேற்றங்களைக் கொண்டு மனம் எந்த இயந்திரத்தையும் விஞ்சியது என்று 1961-இல் தத்துவவாதி ஜே. ஆர். லூகாஸ் வாதிட்டார், அதை எடுத்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த வாதம் நிற்பதாகத் தோன்றவில்லை. முரணற்ற ஒரு முறைமையைப் பற்றித்தான் அந்தத் தேற்றம் பேசுகிறது. என் மனம் முரணற்றது என்று நான் எப்படிச் சொல்வேன்? நாளையே மனம் முழுவதும் கணக்கீடுதான் என்று நிறுவப்பட்டாலும் நான் பிரார்த்தனையை விடப்போவதில்லை. என் நம்பிக்கை இயந்திரத்தால் முடியாத ஏதோ ஒரு வேலையைப் பற்றியதாக இருந்ததில்லை.

இந்த இடத்தில் எனக்குத் துணையாக இருப்பவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல். தந்தையின் வரிக்கணக்கு வேலையை எளிதாக்க 1642-இல் ஒரு கணக்கிடும் இயந்திரத்தை அமைக்கத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1654-இல் இன்னொரு கணிதவியலாளரான ஃபெர்மாவோடு கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்டார். அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவு அவருக்கு ஆழ்ந்த இறையனுபவம் ஒன்று வாய்த்தது. அதை ஒரு தாளில் எழுதி மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. கணக்கும் நம்பிக்கையும் ஒரே உடலில், ஒரே ஆண்டில். தன் இயந்திரத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் உண்டு: விலங்குகள் செய்யும் எதையும்விட அது செய்வது சிந்தனைக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆனால் விலங்குகளுக்கு இருப்பதுபோல் அதற்கு விருப்பம் இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை என்று. கணக்கிடும் இயந்திரங்கள் பிறந்த காலத்திலேயே சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார்.

விருப்பம் இல்லாத அறிவு எப்படித் தடுமாறும் என்பதை நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ எலியட் என்று பெயர் மாற்றி விவரித்த நோயாளியிடம் காணலாம். மூளைக்கட்டிக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய நெற்றிப்பகுதி மூளையில் சேதம் இருந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகத் தேறினார். ஒரு செயலின் சாதக பாதகங்களை அடுக்கிச் சொல்ல முடிந்தது. வாழ்க்கையில் முடிவெடுக்க மட்டும் முடியவில்லை. வேலையும் குடும்பமும் குலைந்தன. எதுவும் அவர் நெஞ்சில் உறைக்கவில்லை. அக்கறை இருந்தால்தான் அறிவு ஒரு பக்கம் சாயும்.

செயலியின் உரையாடல் உதவியாளரைப் பற்றிச் சுருக்கமாக. நான் கடவுளை நம்புகிறேன் என்று எழுதினால் பிரார்த்தனையின் பலன்களைப் பட்டியலிடுகிறது. வேறு கணக்கில் நுழைந்து, நம்பவில்லை என்று எழுதினால் பிரார்த்தனை ஒரு தன்னூக்கமே என்று அதே கனிவோடு ஒப்புக்கொள்கிறது. அதற்கு எந்தப் பக்கமும் இல்லை, இழக்க எதுவும் இல்லை. 1966-இல் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டபோது, பயனர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் அதனிடம் மக்கள் மனம் திறந்ததைக் கண்டு கலங்கினார். தன் செயலரே அதனோடு பேசும்போது தன்னை அறையை விட்டுப் போகச் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். கருத்துகளைத் தெரிந்துகொள்ள இந்த உதவியாளரைப் பயன்படுத்தலாம். எதை நம்புவது என்று அதனிடம் கேட்காதீர்கள்.

இன்று இந்தச் செயலியில் மூச்சுப் பயிற்சி மட்டும்தான் என்னிடம் ஓடுகிறது. அமைப்புகளில் குரல் வழிகாட்டலை நிறுத்தும் வசதி இருக்கிறது. முகப்பில் மதிப்பெண்ணை மறைக்கவும் முடியும், ஆனால் அந்தத் தெரிவு உள்ளே பல அடுக்குகளுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, தேடி எடுங்கள். மூச்சுப் பயிற்சி இலவசப் பதிப்பிலேயே முழுமையாகக் கிடைப்பதால் சந்தா கட்டத் தேவையில்லை. பெருந்துயரத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக அண்மையில் யாரையாவது இழந்தவர்களுக்கு, நினைவை அழிக்கும் பாடத்தைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அவர்கள் ஒரு மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ பேசட்டும். நிறுவனத்துக்கு நான் அனுப்பிய கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் வைத்திருக்கிறேன்: அந்தப் பாடத்தை நீக்குங்கள், மதிப்பெண் கணக்கிடும் முறையை வெளியிடுங்கள். இரண்டாவதைச் செய்தால், அது சரியா தவறா என்று நானே சோதித்துப் பார்த்து இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன்.